தமிழில் தள்ளாடியவர் ஆங்கிலத்தில் ஏன் வெறுமனே நடந்தார்? ஒரு சொல்வள நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்க்கும் ஒரு பெண். வயது முப்பதை நெருங்குகிறது. பள்ளிப்படிப்பு தமிழ்வழி, கல்லூரி ஆங்கிலவழி. ஆங்கில நாவல்களை அகராதி இல்லாமலே படித்துவிடுவார். அவருடைய மின்னஞ்சல்களில் இலக்கணப் பிழையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயதுவந்தோருக்கு ஆங்கில எழுத்துப் பயிற்சி தரும் என்னிடம் அவர் வந்தது வேறு ஒரு குறையோடு.

"நான் எழுதுறதுல தப்பு இல்ல மேடம். ஆனா உயிரே இல்ல. எல்லாமே குட், பேட், நைஸ், வெரின்னு முடிஞ்சிடுது."

இதைச் சரிசெய்ய அவர் ஏற்கெனவே ஒரு வழியை முயன்றிருந்தார். 'சக்திவாய்ந்த ஆங்கிலச் சொற்கள்' என்று கிடைக்கும் பட்டியல்களை மனப்பாடம் செய்து, பிளெதோரா, அமீலியோரேட், யுபிக்விட்டஸ் போன்றவற்றை எழுத்தில் நுழைத்தார். எழுதி முடித்த பத்தியை மறுபடி எடுத்து, எளிய சொல் ஒவ்வொன்றுக்கும் ஒருபொருட்சொல் அகராதியில் நீளமான இணை தேடி மாற்றும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. எனக்குக் காட்டிய ஒரு பத்தியில் 'வாக்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆம்புலேட்' இருந்தது. மருத்துவக் குறிப்புகளில் புழங்கும் சொல் அது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதைப் பதிவுசெய்யச் செவிலியருக்கு உதவும். பூங்காவில் காற்று வாங்கப் போனவருக்கு அதைப் போட்டால் படிப்பவர் நின்று திரும்பிப் பார்ப்பார்.

ஒருபொருட்சொல் அகராதி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்பது விளங்கும். பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். 1805-ல் தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கத் தொடங்கி, ஓய்வுபெற்ற பிறகு விரிவாக்கி, 1852-ல் அச்சிட்டார். சொல்லுக்குப் பொருள் விளக்கம் அதில் கிடையாது. கருத்து மனதில் தெளிவாக இருக்கிறது, சொல் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது என்னும் நிலையில் உள்ளவருக்காக அவர் செய்தது அது. தெரிந்த சொல்லை அது நினைவூட்டும். தெரியாத சொல்லைக் கற்றுத்தர அதனால் ஆகாது. ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பதாலேயே அந்தச் சொற்களுக்குள் வேறுபாடு இல்லை என்று ஒரு கற்பவர் எடுத்துக்கொண்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரே சம்பவம், இரண்டு மொழி

அவருக்கு நான் வைத்த முதல் சோதனை எளியது. சமீபத்தில் கண்ணால் பார்த்த ஒரு சின்ன சம்பவத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பேருந்திலிருந்து இறங்கிய ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். நடுவில் இருந்த வரிகள் இவை: 'தி ஓல்ட் மேன் வாக்ட் வெரி ஸ்லோலி. ஹி சாட் ஆன் தி பெஞ்ச். ஹி லுக்ட் அட் மீ ஆங்ரிலி அண்ட் செட் சம்திங்.'

பிழை எதுவும் இல்லை. தாளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அதே சம்பவத்தைத் தமிழில் வாயால் சொல்லச் சொன்னேன்.

"அந்தத் தாத்தா தள்ளாடித் தள்ளாடி வந்தாரு மேடம். பெஞ்சுல தொப்புன்னு உக்காந்தாரு. என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சாரு. அப்புறம் வாய்க்குள்ளயே ஏதோ முணுமுணுன்னு சொல்லிக்கிட்டாரு."

தள்ளாடி வந்தார், தொப்பென்று உட்கார்ந்தார், முறைத்தார், முணுமுணுத்தார். கேட்பவருக்கு அந்த முதியவரின் முழங்காலும் களைப்பும் எரிச்சலும் ஒருசேரத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அவர் நடந்தார், உட்கார்ந்தார், பார்த்தார், சொன்னார். பார்த்த கண் ஒன்றுதான், சொன்ன ஆளும் ஒருவர்தான். கூர்ந்து கவனிக்கும் திறமை அவரிடம் ஏராளமாக இருக்கிறது. மொழி மாறும் இடத்தில் அது எங்கோ கழன்று விழுகிறது.

அடுத்து, அந்த நான்குக்கும் ஆங்கிலச் சொல் தெரியுமா என்று பார்த்தோம். 'கிளேர்', 'மட்டர்' இரண்டையும் காட்டியதுமே முகம் மலர்ந்தது. நாவல்களில் நூறு தடவை படித்திருக்கிறாராம். 'ஸ்லம்ப்' என்றதும் சந்தை சரிவு என்றார். களைத்துப்போன ஆள் நாற்காலியில் சரிந்து விழுவதற்கும் அதே சொல் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தள்ளாடுவதற்கான 'டொட்டர்' மட்டும்தான் முழுக்கப் புதிது. ஆக, வேண்டியிருந்த நான்கில் இரண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தன. எழுதும்போது வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

மொழி கற்றல் ஆய்வில் இது நன்றாகத் தெரிந்த நிலை. பாட்டியா லாஃபர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி மாணவர்களின் ஆங்கிலச் சொல்லறிவை மூன்று விதமாக அளந்தார்: படித்தால் புரிகிற சொற்கள், தூண்டினால் சொல்ல வருகிற சொற்கள், தாமாக எழுதும்போது கையில் வருகிற சொற்கள். ஓராண்டுப் படிப்பில் முதலாவது நன்றாகவே வளர்ந்திருந்தது, இரண்டாவது ஓரளவு வளர்ந்திருந்தது, மூன்றாவது கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. நிறையப் படித்தால் எழுத்து தானாக வளமாகும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை பாதிதான் உண்மை. படிப்பு சொல்லை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். அதை வெளியே எடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

ஆங்கிலம் வினைக்குள் அடைத்து வைப்பது

இந்த ஆய்வின் மையம் இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அசைவைச் சொல்லும்போது இரண்டு செய்திகள் இருக்கின்றன. எந்தப் பக்கம் போனார் என்பது ஒன்று, எப்படிப் போனார் என்பது இன்னொன்று. லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகள் இந்த இரண்டையும் எங்கெங்கே வைக்கின்றன என்று வகைப்படுத்தினார். அவர் காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, குகைக்குள் மிதந்து போகும் ஒரு குப்பி. ஆங்கிலத்தில் 'தி பாட்டில் ஃபுளோட்டட் இன்டு தி கேவ்'. மிதத்தல் முதன்மை வினையாகிவிட்டது, உள்ளே போனது சின்ன இடைச்சொல்லில் அடங்கிவிட்டது. ஸ்பானிஷில் நேர்மாறு: நுழைந்தது என்பதுதான் வினை, மிதந்தபடி என்பது ஒட்டு. டான் ஸ்லோபின் என்ற மொழி ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுத்தே இல்லாத ஒரு படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்துச் சொல்லவைத்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் 'எப்படி' என்பதைச் சுமக்கும் வினைகளை ஸ்பானிஷ் பேசுபவர்களைவிட அதிகமாகவும் பலவிதமாகவும் எடுத்தார்கள்.

தமிழ் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று நாம் யோசிப்பதில்லை, ஏனென்றால் அது நமக்கு மூச்சு விடுவதுபோல் வருகிறது. தவழ்ந்து வந்தது, நொண்டிக்கொண்டே போனான், விறுவிறுவென்று நடந்தாள், குடுகுடுவென்று ஓடியது, தரதரவென்று இழுத்தார்கள். கடைசி வினை வா, போ, நட, ஓடு, இழு என்று எளியதாகவே நிற்கும். படம் முழுக்க அதற்கு முன்னால் வரும் வினையெச்சத்திலோ இரட்டைக்கிளவியிலோ இருக்கும். தமிழர் ஒருவர் ஆங்கிலம் எழுதும்போது அந்தக் கடைசி வினையைத்தான் முதலில் பெயர்க்கிறார். முன்னால் நிற்கும் 'விறுவிறு', 'தொப்பு' ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் நேர் ஆள் இல்லாததால், 'வெரி ஸ்லோலி', 'வெரி ஃபாஸ்ட்' என்று கைக்குக் கிடைத்ததை ஒட்டவைக்கிறார். அந்த மாணவியின் எழுத்தில் 'வெரி' ஏன் அவ்வளவு இருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது. அவருடைய பெரும்பாலான 'வெரி'கள் ஒரு வினையெச்சமோ இரட்டைக்கிளவியோ நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்றன.

அப்படியானால் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடுகிறது. விறுவிறுவென்று நடப்பதை ஆங்கிலம் 'ஸ்டிரைட்' என்ற ஒரே வினைக்குள் அடைத்துவிடும். குடுகுடுவென்று ஓடுவது 'ஸ்காம்பர்', தத்தக்கா பித்தக்கா என்று குழந்தை நடந்தால் 'டாடில்'. வெடவெடவென்று நடுங்குவது 'ஷிவர்'. நறநறவென்று பல்லைக் கடிப்பது 'நாஷ்'. தரதரவென்று இழுப்பதற்கு 'டிராக்' போதும். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை குட்டையானவை, பழையவை, பேச்சிலும் கதையிலும் புழங்குபவை. பட்டியல்களில் 'சக்திவாய்ந்த' என்று வருபவை பெரும்பாலும் லத்தீன் வழி வந்த நெடுஞ்சொற்கள். அவற்றுக்குக் கௌரவம் உண்டு, கட்டுரையிலும் அறிக்கையிலும் தேவையும் உண்டு. ஆனால் 1066-ல் பிரான்ஸின் நார்மண்டிப் பகுதிக் கோமகன் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டம், நிர்வாகம், படிப்பு வழியாகப் பிரெஞ்சும் லத்தீனும் மேலே வந்து உட்கார்ந்ததால், அந்த அடுக்குச் சொற்களில் இன்றும் ஒரு அலுவலக வாடை இருக்கிறது. 'ஆஸ்க்' என்று கேட்பவர் பக்கத்தில் நிற்கிறார். 'இன்டராகேட்' என்று கேட்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். உணர்ச்சியையும் உடலசைவையும் சொல்ல விரும்பும் ஒருவர் முதலில் கீழ் அடுக்கில்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி எப்படி நடந்தது

பழைய பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டோம். நாள்தோறும் பார்த்த ஒரு காட்சியை முதலில் தமிழில் சொல்வார். எந்தச் சொல் படம் காட்டுகிறது என்று அவரே கோடிடுவார். அதற்கு மட்டும் ஆங்கில வினை தேடுவோம். கிடைத்த சொல்லை நேராக வாக்கியத்தில் போட்டுவிடக் கூடாது, கற்பவர்களுக்கான அகராதியில் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. 1987-ல் வந்த கோபில்ட் அகராதி முழு வாக்கியத்தில் பொருள் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. இன்னார் இப்படிச் செய்தால் அதற்கு இந்த வினை என்று அது விளக்குவதால், யார் செய்வது, எந்த நிலையில் செய்வது என்பதும் சேர்ந்தே தெரியும். டொட்டர் என்றால் வலுவில்லாமல் விழப்போவது போல் நடப்பது. ஸ்டேகர் என்றால் அடி பட்டோ, குடித்தோ, பாரம் தாங்காமலோ தடுமாறுவது. முதியவருக்கு டொட்டர்தான் பொருத்தம் என்று அவரே முடிவு செய்தார்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நடப்பதற்கான சொற்கள் இருபதை ஒரே நாளில் படிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பார்க்க ஒழுங்காக இருக்கும், மண்டையில் குழம்பும். தாமஸ் டிங்கம் 1993-லும், அதைச் சரிபார்த்த ராப் வேரிங் 1997-லும் செய்த சோதனைகளில், பொருளால் ஒன்றுக்கொன்று நெருங்கிய புதிய சொற்களைச் சேர்த்துக் கற்பது, தொடர்பில்லாத சொற்களைக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இந்த மாணவிக்கும் பழைய பட்டியலின் புண்ணியத்தில் 'லிம்ப்', 'ஹாபிள்', 'ஷஃபிள்' மூன்றும் ஒரே கலவையாக இருந்தன. எனவே ஒரு சொல் தன் காட்சியோடு நன்றாகக் குடியேறிய பிறகே அதன் பக்கத்து வீட்டுச் சொல்லைச் சேர்த்தோம். ஒரு காலில் வலியோ குறையோ இருந்து சாய்ந்து நடந்தால் லிம்ப், பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் ஷஃபிள் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு வாரத்தில், வெவ்வேறு ஆளோடு வந்தது.

நினைவில் நிற்க வைத்ததற்குத் தனி ரகசியம் இல்லை. மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பது, சில நாள் விட்டு மறுபடி எடுப்பது. ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஹென்றி ரோடிகரும் 2008-ல் வெளியிட்ட சோதனையில் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றவர்களில், மறுபடி மறுபடி நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சொன்னார்கள். ஒருமுறை சரியாகச் சொன்னதும் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களால் மூன்றில் ஒரு பங்கு அளவே சொல்ல முடிந்தது. இந்த மாணவியின் நோட்டில் இடப்பக்கம் தமிழ்க் காட்சி மட்டும் இருக்கும். வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு ஆங்கில வாக்கியத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். தனிச் சொல்லைச் சொன்னால் கணக்கில் சேராது.

ஒளிக்கும் ஒலிக்கும் வந்தபோது

அசைவுக்கு அடுத்து ஒளியை எடுத்தோம். இங்கே இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டது போல இருந்தது. ஆங்கிலத்தில் 'கிள' என்ற ஒலியில் தொடங்கும் சொற்கள் நிறைய ஒளியைச் சுற்றியே வருகின்றன: கிளிட்டர், கிளீம், கிளின்ட், கிளிம்மர், குளோ. இப்படி ஒலிக்கும் பொருளுக்கும் உறவு தெரியும் துணுக்குகளுக்கு ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930-ல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டார். பளபள, பளிச், மினுமினு, தகதக என்று வளர்ந்தவருக்கு இது புதிய உலகமே இல்லை. துடைத்த உலோகம் பளபளப்பது கிளீம். கத்தி முனையில் பளிச்சென்று ஒரு கணம் வெட்டுவது கிளின்ட். ஜிகினா போலப் பல புள்ளிகளாய் மினுமினுப்பது கிளிட்டர். அணையப்போகும் விளக்கின் மங்கல் கிளிம்மர். சுடர் இல்லாமல் சீராகக் கனன்று நிற்பது குளோ. அன்றைக்கு அவர் சொன்னது: "இதெல்லாம் எனக்குத் தமிழ்ல தெரியும் மேடம், இங்கிலீஷ்ல ஷைன் மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஆனால் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடாது. சலசலவென்று இலையும் ஒலிக்கும், ஓடையும் ஒலிக்கும், கூட்டமும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் இலைக்கு ரஸில், ஓடைக்குப் பாபில், கூட்டத்துக்கு மர்மர் என்று பிரிந்துபோகிறது. படபடவென்று பறவையின் சிறகு அடித்தால் ஃபிளட்டர், பயத்தில் நெஞ்சு அடித்தால் பவுண்ட். திருதிருவென்று விழிப்பதற்கு ஒற்றை வினை கிடையாது. எதுவும் புரியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றான் என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பொருந்தாத இடங்களில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார், அதிகம் கற்றதும் இங்கேதான்.

சொல்லின் சேர்க்கை

சொல் கிடைத்தாலும் அது யாரோடு சேரும் என்று தெரியாவிட்டால் வாக்கியம் இடறும். ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்தே அறியலாம் என்று 1957-ல் எழுதியவரும் அதே ஃபிர்த்தான். பலத்த காற்றுக்கு 'ஸ்டிராங்' வரும், பலத்த மழைக்கு 'ஹெவி' வரும். வெட்கம் 'பெயின்ஃபுலி' சேரும், ஏமாற்றமும் குளிரும் 'பிட்டர்லி' சேரும், ஆழ்ந்த தூக்கம் 'ஃபாஸ்ட்' சேரும். தர்க்கத்தால் கண்டுபிடிக்க முடியாதவை இவை. சேர்க்கையோடு சேர்த்தே படித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று, சொல்லின் மேல் படிந்திருக்கும் நிறம். தொடங்கி நிலைத்துவிடுவதைச் சொல்லும் 'செட் இன்' என்ற தொடரைக் கவனித்த மொழியியலாளர் ஜான் சின்க்ளேர், அதற்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் விரும்பத்தகாதவை என்று காட்டினார்: அழுகல், சரிவு, விரக்தி. இதை அறியாமல் நம் மாணவி, விருந்தினர் வந்ததும் கொண்டாட்ட மனநிலை 'செட் இன்' ஆனது என்று எழுதியிருந்தார். இலக்கணம் சரி. அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு அந்த வீட்டில் ஏதோ அசம்பாவிதம் நடக்கப்போகிறது என்றே தோன்றும். இரக்கத்துக்குப் பெயர்போன ஒருவரை, கெட்டதுக்குப் பெயர்போனவரைச் சொல்லும் 'நொட்டோரியஸ்' என்று எழுதியதும் இதே வகை.

பாராட்டு, பழிப்பு வேறுபாட்டைக் காட்ட எனக்கு எப்போதும் உதவுவது 1948-ல் பிபிசி வானொலியில் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்ன ஒரு 'நான், நீ, அவன்' வரிசை. நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் வறட்டுப் பிடிவாதம் பிடித்த முட்டாள் என்கிற ரீதியில் போகும் அது. குணம் ஒன்றுதான், பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. சிக்கனமாக இருப்பவரை 'திரிஃப்ட்டி' என்றால் மெச்சுகிறோம், 'ஸ்டின்ஜி' என்றால் கஞ்சன் என்கிறோம். 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை உள்ளம், 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம்.

கோபத்துக்கு வந்தபோது மாணவிக்கு நிறையவே பேச இருந்தது. எல்லாக் கோபத்துக்கும் 'ஆங்ரி', மிஞ்சினால் 'வெரி ஆங்ரி' என்பதே அவருடைய வழக்கம். ஆத்திரத்துக்கு 'ஃபியூரியஸ்' கிடைத்ததும் 'வெரி ஃபியூரியஸ்' என்று எழுதினார். உச்சத்தை ஏற்கெனவே உள்ளடக்கிய அடைமொழிகள் 'வெரி'யை ஏற்பதில்லை, 'அப்சல்யூட்லி' போன்றவற்றைத்தான் ஏற்கும் என்று விளக்கினேன். பிறகு எரிச்சலுக்கு 'இரிட்டேட்டட்'. அநியாயத்தைக் கண்டு பொங்குவதற்கு 'இன்டிக்னன்ட்'. மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவதற்கு 'ரிசென்ட்ஃபுல்'. கடைசிச் சொல்லைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வேலையில் தன் யோசனையை வேறொருவர் தன் பெயரில் சொல்லிக்கொண்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். அதில் 'ஆங்ரி' ஒரு இடத்திலும் இல்லை. முதல் வரியில் இன்டிக்னன்ட் ஆக இருந்தவர் கடைசி வரியில் ரிசென்ட்ஃபுல் ஆகியிருந்தார். நேரம் போகப்போகக் கோபம் எப்படி உருமாறியது என்பது அந்த இரண்டு சொற்களுக்கு இடையிலேயே தெரிந்தது. இந்தப் பயிற்சியில் அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிழை அறிக்கையில் தெரிந்த பலன்

உணர்ச்சிச் சொல் என்றால் கதை எழுதத்தான் என்று எண்ணுபவர்கள் உண்டு. இவருடைய வேலையோ மென்பொருளில் கோளாறு கண்டுபிடித்து எழுதுவது. அவருடைய பழைய அறிக்கைகளில் 'டிஸ்ப்ளே இஷ்யூ', 'நாட் வொர்க்கிங் ப்ராப்பர்லி' என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வந்தன. அதைப் படித்த நிரலாளர், என்ன ஆகிறது என்று திருப்பிக் கேட்பார். பதில் எழுதுவார், மறுபடி கேள்வி வரும்.

வினையைக் கவனிக்கும் பழக்கம் வந்த பிறகு அவர் எழுதியது மாறியது. திரை விட்டு விட்டு மின்னினால் ஃபிளிக்கர். அசையாமல் உறைந்து நின்றால் ஃபிரீஸ். அசைவு திக்கித் திக்கி வந்தால் ஸ்டட்டர். நகர்த்தும்போது படம் விரலுக்குப் பின்னால் தாமதித்து வந்தால் லாக். எழுத்தின் வால் வெட்டுப்பட்டால் டிரங்கேட். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் கோளாறு எந்தப் பக்கம் இருக்கலாம் என்று நிரலாளருக்குத் துப்பு கொடுக்கும். உறைவதற்கும் தாமதிப்பதற்கும் காரணங்கள் வேறு. திருப்பிக் கேட்கும் மின்னஞ்சல்கள் குறைந்துவிட்டன என்று அவரே சொன்னார். படம் காட்டும் சொல்தான் துல்லியமான சொல்லும்கூட என்பதை இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

மிகையாகி, பிறகு அடங்கியது

நடுவில் ஒரு கட்டம் வந்தது. ஒவ்வொரு வினையும் மின்ன வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரே பத்தியில் ஒருவர் ஸ்டிரைட் செய்து, பியர் (உற்றுப் பார்த்தல்) செய்து, ஸ்னாப் (வெடுக்கென்று பேசுதல்) செய்து, ஸ்லம்ப் செய்தார். 'சொன்னார்' என்பதற்கான 'செட்' என்ற சொல்லே காணாமல் போய், பேசுபவர்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள், சீறினார்கள், பெருமூச்செறிந்தார்கள். படிக்க மூச்சு வாங்கியது. 'செட்', 'வென்ட்', 'லுக்ட்' போன்றவை கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் சொற்கள். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் சுமார் 2000 சொற்குடும்பங்கள் சாதாரண எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடுகின்றன. அந்தத் தரை சமமாக இருந்தால்தான் அதன்மேல் நிற்கும் ஒரு டொட்டர் கண்ணில் படும். எனவே ஒரு பத்தியில் எந்த அசைவை வாசகர் மறக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்துகொள்ளச் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் சிறப்பு வினை, மற்றவை எளிமையாக நிற்கலாம்.

முதியவரைப் பற்றிய பத்தியைச் சில மாதங்கள் கழித்து மறுபடி எழுதச் சொன்னபோது, தள்ளாடியதற்கும் முறைத்ததற்கும் மட்டும் சிறப்பு வினையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்ததை வெறும் 'சாட்' என்றே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "தொப்புன்னு உக்காந்தது முக்கியமில்ல மேடம், முறைச்சதுதான் முக்கியம்" என்றார்.

இன்னும் நேராகாதவையும் உண்டு. பேச்சில் இந்த வளம் வரவில்லை. கூட்டங்களில் வாய் திறந்தால் பழைய குட், பேட் தான் முதலில் வருகிறது, ஏனென்றால் பேசும்போது தேர்ந்தெடுக்க நேரம் கிடைப்பதில்லை. முணுமுணுப்பில், எரிச்சலோடு சொல்லும் மட்டரையும் மென்மையாகச் சொல்லும் மர்மரையும் அவ்வப்போது மாற்றிப் போடுகிறார். கிளேர், ஃபிரௌன் (முகம் சுளித்தல்), ஸ்னியர் (ஏளனம் செய்தல்) மூன்றுக்கும் 'அட்' வர வேண்டிய இடத்தில் 'டு' வந்துவிடுகிறது. 'என்னை' என்பதும் 'என்னிடம்' என்பதும் மனதில் முந்திக்கொள்வதால் வரும் தடுமாற்றம் அது. இப்போது நோட்டில் வினையைத் தனியாக எழுதாமல் இடைச்சொல்லோடு சேர்த்தே எழுதுகிறார். பேச்சுக்கு, எழுதி முடித்த காட்சியை அன்றே ஒருமுறை தாளைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்து கேட்கும் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம்.